வின்ச்சு நைனாவும் மூன்றாவது மாடி லோடும்

கயிறு கட்டித் தூக்க முடியாத பொருள் ஒன்றுகூட இந்த உலகத்தில் கிடையாது என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் வின்ச்சு நைனாதான். அவரைப் பொறுத்தவரை மனித குலத்துக்கு வேலைகள் இரண்டே இரண்டு. ஒன்று தூக்குவது, இன்னொன்று இறக்குவது. மீதியெல்லாம் வெறும் பேச்சு.

துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வின்ச் ஓட்டியவர். கப்பலின் வயிற்றிலிருந்து சரக்கைக் கம்பியில் கட்டித் தூக்கிக் கரையில் வைக்கிற இயந்திரம் அது. ஓய்வு பெற்று வரும்போது இயந்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு அதன் பெயரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவருடைய நிஜப் பெயர் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "அது இன்னாத்துக்குமா? வின்ச்சுன்னு கூப்ட்டா திரும்பறேன் இல்ல?" என்றார்.

துறைமுகத்தில் தூக்கு என்பதற்கு "ஹாபீஸ்" என்பார்கள். இறக்கு என்பதற்கு "ஆரியா". எந்த நாட்டுக் கப்பல்காரன் விட்டுப் போன வார்த்தைகளோ தெரியாது, நைனாவுக்கு எங்கள் கட்டடத்தின் தரைத்தள வீட்டிலும் அதே பாஷைதான். டீக்கடையில் போய், "சக்கரைய கொஞ்சம் ஆரியா பண்ணுப்பா" என்பார். தண்ணீர் மோட்டார் போடும் நேரம் வந்தால் வாசலில் நின்று "ஹாபீஸ், ஹாபீஸ்" என்று குரல் கொடுப்பார். முதல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் இதைக் கேட்டுவிட்டு, "பாவம், இந்த வயசுலயும் ஆபீஸ் போறாரே" என்று என் அம்மாவிடம் இரக்கப்பட்டாள்.

எங்கள் கட்டடம் ராயபுரத்தில், தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. கட்டிய மேஸ்திரிக்குப் படிக்கட்டு என்ற விஷயம் கடைசி நாளன்றுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் திரும்பிப் போயாக வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு இரும்பு கர்டர் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் செங்கல் ஏற்றுவதற்காகப் போட்டது. அறுக்கக் கூலி ஜாஸ்தி என்று அப்படியே விட்டுவிட்டார்கள். எல்லோரும் அதை அசிங்கம் என்பார்கள். நைனா மட்டும் அதைத் தினமும் ஒரு முறை அண்ணாந்து பார்ப்பார், கோயில் கோபுரத்தைப் பார்ப்பது மாதிரி.

கொரோனா வந்தது. ஊரடங்கு வந்தது. பிள்ளைகள் எல்லாம் கல்யாணமாகி அம்பத்தூர், அத்திப்பட்டு, அரபு நாடு என்று போய்விட்டதால், எங்கள் கட்டடத்தில் மிச்சம் இருந்தவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒரு வீட்டில் சர்க்கரை, ஒரு வீட்டில் பிரஷர், ஒரு வீட்டில் இரண்டும். ஏறி இறங்கினால் முட்டி வலி. வெளியே போனால் நோய் வரும் என்றது டிவி. போகாவிட்டால் மாத்திரை தீர்ந்துவிடும் என்றது டப்பா.

இரண்டாம் நாளே நைனா மொட்டை மாடிக்குப் போய் கர்டரில் ஒரு கப்பி மாட்டினார். காசிமேட்டிலிருந்து எப்போதோ வாங்கிவைத்திருந்த மீன் கூடை ஒன்றைக் கழுவி, வேப்பிலைத் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, நைலான் கயிற்றில் கட்டினார். காக்கி அரை நிக்கர், கையில் வெள்ளைத் துணி உறை, கழுத்தில் விசில் சகிதமாகக் கீழே நின்றார். மருந்துக் கடைக்கு அவரே சைக்கிளில் போவார். வந்து கூடையில் வைப்பார். விசில் ஊதுவார். கூடை மேலே வரும். அவரவர் பால்கனியில் நின்று அவரவர் மாத்திரையை எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் மாத்திரையைத் தொட்டால் கீழேயிருந்து நீண்ட விசில் வரும். என் அம்மா ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியின் மாத்திரை என்ன நிறம் என்று பார்க்க ஆசைப்பட்டு அந்த விசிலை வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

அடுத்த பிரச்சினை ரத்தப் பரிசோதனை. லேபிலிருந்து விண்வெளிக்குப் போகிறவன் மாதிரி ஒரு பையன் வந்தான். பரிசோதனைக் கட்டணம் தனி, அவன் போட்டிருந்த கவச உடைக்குக் கட்டணம் தனி. அந்த உடைக்காசை வீட்டுக்கு வீடு கேட்டான்.

"இன்னா தம்பி, எத்தினி சட்ட போட்டுக்கினு கீற?" என்றார் நைனா.

"ஒண்ணுதான் தாத்தா."

"அப்ப இன்னாத்துக்கு வூட்டுக்கு ஒரு சட்டைக்கு துட்டு கேக்கற? நீயின்னா ஒவ்வொரு வூட்டுலயும் அவுத்து மாட்டிக்கினா போப் போற?"

"கம்பெனி ரூல்ஸ் தாத்தா."

"ரூல்ஸு நல்லதுதான். நீ வூட்டுக்கு வராத. நாங்க வர்றோம்." இறங்க முடிந்தவர்களையெல்லாம் இறக்கி, வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு நாற்காலி வைத்து உட்காரவைத்தார். ஒரே இடம், ஒரே உடை, ஒரே காசு. பையன் மேலதிகாரிக்குப் போன் செய்து பார்த்தான். மேலதிகாரிக்கும் இதற்கு ரூல்ஸ் தெரியவில்லை.

ஆனால் அவருடைய உச்சகட்ட சாதனை டாக்டரம்மா விஷயத்தில்தான். மார்க்கெட் பக்கத்தில் எங்களுக்கெல்லாம் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மா கிளினிக்கை மூடிவிட்டு, போனில் முகம் பார்த்து வைத்தியம் செய்ய ஆரம்பித்தார். ஒரு தடவைக்கு இவ்வளவு என்று பீஸ். கட்டடத்தில் அந்த மாதிரி போன் வைத்திருந்தது நான் ஒருத்திதான். அம்மாவுக்காக நான் கூப்பிட்டபோது நைனா கீழே வாசலில் நின்றுகொண்டிருந்தார். போனைக் கூடையில் வைத்து ஒரு நிமிஷம் இறக்கு என்றார்.

"டாக்டரம்மா, பீஸு ஒரு காலுக்குத்தான?"

"ஆமாங்க."

"கட் பண்ற வரிக்கும் ஒரே காலுதான?"

டாக்டரம்மா யோசிக்காமல், "ஆமாங்க" என்றார்.

"அப்ப ஷோக்கா போச்சு. கட் பண்ணாத. அப்டியே இரு." போனைக் கூடையில் படுக்கவைத்து, "ஹாபீஸ்" என்றார்.

அன்றைக்கு டாக்டரம்மா பார்த்தது முதலில் வானம். அப்புறம் ஒரு காக்கா. பிறகு முதல் மாடிச் சுவர், காய்கிற லுங்கி, அதன் பின்னால் ஒரு பெரியவரின் நாக்கு. அங்கே முடிந்ததும் மறுபடி வானம். அடுத்து எங்கள் இரண்டாவது மாடி. டாக்டர் வருகிறார் என்று என் அம்மா புடவையெல்லாம் மாற்றிக்கொண்டு நின்றாள், ஆனால் போனைக் கிட்டப் பிடித்ததில் டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது நெற்றிப் பொட்டு மட்டும்தான். இப்படி ஒரே பீஸில் கட்டடத்துக்கே வைத்தியம் நடந்தது. கோபித்துக்கொள்வார் என்று நான் பயந்தேன். டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் அவரும் பழகிவிட்டார். கூப்பிட்டதும், "நைனா, நான் டீ குடிச்சிட்டேன், ஹாபீஸ்" என்பார்.

கூடை ஊரறிய நிற்காத ஒரே பால்கனி மூன்றாவது மாடியில் இருந்தது. அது டாலி மிக்கேல் அண்ணன் வீடு.

மிக்கேல் அண்ணனும் துறைமுகத்துக்காரர்தான். தனியார் கம்பெனி ஒன்றில் டாலி கிளார்க்காக இருந்தவர். வின்ச் இறக்கி வைக்கிற மூட்டைகளை எண்ணி எழுதுகிற வேலை. நல்ல ஆகிருதி. அவர் உட்கார்ந்தால் நாற்காலி பேசும். ஆறேழு வருடத்துக்கு முன் ஒரு ஞானஸ்நான விருந்தில் பிரியாணிக்கும் பீடாவுக்கும் நடுவில் அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "வின்ச்சு தூக்கினது பாதி, கீழ போட்டது பாதி. கணக்கு எங்கிட்ட கீது." பந்தியே சிரித்தது. நைனா இலையை மூடிவிட்டு எழுந்து போனார். சர்வீஸில் ஒரு மூட்டையைக்கூடக் கீழே போடாதவர் அவர். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. படிக்கட்டில் ஒருமுறை எதிரே வந்தபோது யார் திரும்பிப் போவது என்பதில் ஒரு முழு மதியம் கழிந்ததாகச் சொல்வார்கள்.

அதனால் மிக்கேல் அண்ணனுக்கு நைனாவின் கூடையும் வேண்டாம், கூடையில் வருகிற டாக்டரும் வேண்டாம். அவர் மனைவி பிலோமினாக்காதான் அவர் தூங்குகிற நேரம் பார்த்துக் கூடையில் கத்திரிக்காய், தக்காளி எடுத்துக்கொள்வார். ஒருநாள் பிலோமினாக்காவுக்கு முட்டி வலி தாங்கவில்லை. மத்தியானம் நைனா போனை மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோது, "எனக்கும் ஒரு நிமிசம் அனுப்பு வின்ச்சண்ணே" என்றார். கூடை மூன்றாவது மாடிக்குப் போனது.

பிலோமினாக்கா முட்டியைக் காட்டினார். டாக்டரம்மா முட்டியைப் பார்க்கவில்லை.

"பின்னாடி சேர்ல உக்காந்திருக்கறது யாரு?"

"எங்க வூட்டுக்காரர். தூங்கறார் டாக்டர்."

"ஏன் உக்காந்துக்கிட்டே தூங்கறார்?"

"படுத்தா மூச்சு முட்டுதுன்றார். ரெண்டு மூணு நாளா அப்டித்தான்."

"காலைக் காட்டுங்க." காட்டினார். "இவ்வளவு வீக்கம் இருக்கே. நான் ஹார்ட்டுக்குக் குடுத்த மாத்திரை, நீர் மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடறாரா?"

பிலோமினாக்கா சுற்றிலும் பால்கனிகளைப் பார்த்தார். நைனா தன் காதுக்காகப் போனின் சத்தத்தை எப்போதும் உச்சத்தில்தான் வைத்திருப்பார். எல்லா பால்கனிகளிலும் ஆட்கள் நின்றிருந்தோம்.

"ஒடைச்சிப் பாதிதான் குடுக்கறேன் டாக்டர்," என்றார் பிலோமினாக்கா. "துபாய்ல பையனுக்கு ஓட்டல் மூடிட்டாங்க. துட்டு வரல. முழுசா போட்டா மாசக் கடைசி வரிக்கும் வராது. அவருதான் ஒடைக்கச் சொன்னாரு."

ஒருவரை ஒருவர் பார்க்காமல் துணிக்கொடியைப் பார்த்தோம். டாக்டரம்மாவின் குரல் மாறியது. "இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அரசு ஆஸ்பத்திரிக்கே போங்க, செலவைப் பத்தி யோசிக்காதீங்க. நான் பேசறேன். இப்பவே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் கர்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசு ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. கவச உடையில் இரண்டு பேர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு மேலே ஏறி மிக்கேல் அண்ணன் மூக்கில் குழாயை வைத்தார்கள். மூச்சு கொஞ்சம் சமாதானமானது. ஸ்ட்ரெச்சர்தான் சமாதானமாகவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டு மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றது. ஒருவழியாகப் பிடுங்கி வாசலிலேயே போட்டார்கள். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கலாம் என்றால் அவர் உடம்புக்கு நான்கு பேராவது வேண்டும். நான்கு பேர் அந்தப் படியில் கொள்ளமாட்டார்கள். கொண்டாலும் வர ஆளில்லை. மூச்சுத் திணறல் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே தெருவில் பாதிக் கதவு சாத்தியாகிவிட்டது.

நைனா மேலே போனார். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். இரண்டு பேரும் ஒரு முழ தூரத்தில் முகத்துக்கு முகம் இருந்தார்கள். ஆனாலும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை.

"பிலோமினாக்கா, அவராண்ட சொல்லு. படி வேலைக்காவாது. சேர்ல கட்டி பால்கனி வயியா எறக்கிடலாம்."

மிக்கேல் அண்ணன் மூச்சுக்கு நடுவில், "பிலோ, அந்தாளாண்ட சொல்லு. நான் மூட்ட இல்ல," என்றார்.

"மூட்டையா இருந்தா கேட்டுக்கினு நிப்பனா, இந்நேரம் ஆம்புலன்ஸுல இருக்கும்னு சொல்லு."

"அவன் கீழ போட்டுட்டா?"

பிலோமினாக்கா அழுதுகொண்டிருந்தவர் அழுகையை நிறுத்தினார். "நான் ஒருத்தி இங்க எதுக்கு, ஸ்பீக்கரா?" என்றார். "ஏங்க, ஏறி ஒக்காருங்க."

ஆம்புலன்ஸ் டிரைவர் இதெல்லாம் ரூல்ஸில் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். "ரூல்ஸ்ல இல்லன்னா வேணாம்னும் இல்லதான தம்பி," என்று சொல்லிக்கொண்டே நைனா மொட்டை மாடிக்குப் போய்விட்டார். கூடைக் கயிற்றைக் கழற்றி வீசிவிட்டு, வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துவந்த பெரிய கயிற்றையும் இரட்டைக் கப்பியையும் மாட்டினார். கயிற்றின் மறு முனையைத் தண்ணீர்த் தொட்டித் தூணில் சுற்றிச் சுற்றிக் கட்டினார், கை நழுவினாலும் தூண் பிடித்துக்கொள்ளும். அப்புறம் இரண்டு அரிசி மூட்டைகளையும் ஒரு கேஸ் சிலிண்டரையும் சேர்த்துக் கட்டி முதலில் அதை இறக்கிப் பார்த்தார். அந்தப் பொதி ஜன்னலுக்கு வெளியே இறங்குவதை மிக்கேல் அண்ணன் நாற்காலியில் இருந்தபடி கண் கொட்டாமல் பார்த்தார். தரையைத் தொட்டபோது சத்தம் வரவில்லை. பழைய தொழில் புத்தியில் அவர் உதடு "ஒண்ணு" என்று முணுமுணுத்ததை நான் பார்த்தேன்.

பிறகு நைனா மூன்றாவது மாடிக்கு வந்து தன் கையாலேயே அவரைக் கட்டினார். மடிக்கு ஒரு சுற்று, மார்புக்கு ஒரு சுற்று, இரண்டு தொடைக்கும் தனித்தனி. மூச்சு முட்டுகிறதா என்று கேட்க வேண்டும், ஆனால் பேச்சு இல்லையே, அதனால் கயிற்றுக்கும் மார்புக்கும் நடுவில் தன் கையை விட்டு விட்டுப் பார்த்துத் தளர்த்தினார். ஆக்ஸிஜன் சிலிண்டரை மடியில் வைத்துக் கட்டினார். ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் நாற்காலியைப் பால்கனிக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். மொட்டை மாடியில் நைனா கயிற்றோடு. மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிற இரண்டு பேர், கதவைச் சாத்தாதவர்கள், அவருக்குப் பின்னால்.

விசில் கேட்டது. "ஆரியா."

நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற மனிதர் பால்கனியை விட்டு விலகி அந்தரத்தில் தொங்கியபோது என் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலி இஞ்ச் இஞ்ச்சாக இறங்கியது. எங்கள் இரண்டாவது மாடிக்கு நேராக வந்தபோது கடலிலிருந்து ஒரு காற்று அடித்தது. நாற்காலி ஆட ஆரம்பித்தது. மேலேயிருந்து இன்னொரு விசில். அவ்வளவுதான், கயிறு நின்றுவிட்டது.

"சீக்கிரம் எறக்கு", "இன்னா நிறுத்திட்ட" என்று கீழேயிருந்து ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். நைனா அசையவில்லை. ஆடுகிற லோடை இறக்கினால் சுவரில் மோதும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. ஆட்டம் நிற்கட்டும் என்று கையை உயர்த்திக்கொண்டு நின்றார். நாற்காலி இப்படியும் அப்படியுமாக ஆடியது. நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மிக்கேல் அண்ணனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவர் மெல்லத் தலையைத் தூக்கி மொட்டை மாடியைப் பார்த்தார்.

"யோவ் வின்ச்சு," என்றார். "உட்டுடாதய்யா."

ஆறேழு வருடத்தில் அவர் நைனாவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

மேலேயிருந்து பதில் வந்தபோது அந்தக் குரலில் நான் அதுவரை கேட்காத ஒரு தணிவு இருந்தது.

"உடமாட்டேன் டாலி. காத்து அடங்கட்டும். நீ மூச்ச மட்டும் பாத்துக்க."

காற்று அடங்கியது. நாற்காலி நேரானது. "ஆரியா." ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நாற்காலி வந்து உட்கார்ந்தபோது அதன் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. கதவைச் சாத்தியவர்கள்கூட ஜன்னலைத் திறந்து கை தட்டினார்கள். நைனா அந்தப் படிக்கட்டில் எப்படி ஓடிவந்தார் என்று தெரியவில்லை, ஆம்புலன்ஸ் கதவைச் சாத்துவதற்குள் அதன் பக்கத்தில் இருந்தார். கை உறை இரண்டும் உள்ளங்கையில் கிழிந்திருந்தன.

"எய்திக்கோ டாலி," என்றார் மூச்சு வாங்க. "ஒரு லோடு. சேதாரம் இல்ல."

மிக்கேல் அண்ணன் குழாயோடு தலையை ஆட்டினார். எழுதிக்கொண்டதாக அர்த்தம்.

கொரோனா இல்லை. இதயம் பலவீனமாகி உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் சிரமம் என்றார்களாம். இரண்டு வாரம் கழித்து வீடு திரும்பினார். நீர் வடிந்ததில் பாதி ஆளாக, தானே நின்று நின்று படியேறினார். நைனா பின்னால் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் நின்ற படியிலெல்லாம் போட்டார்.

அடுத்த மாதத்திலிருந்து அரசு ஆஸ்பத்திரியின் இலவச மாத்திரை வரிசையில் மிக்கேல் அண்ணனின் சீட்டோடு நைனா நிற்க ஆரம்பித்தார். நேரில்தான் வரவேண்டும் என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். நைனா மறுநாளும் போய் நின்றார். டாக்டரம்மா போனில் பேசி வழி செய்துகொடுத்தார். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "பெரியவரே, உங்களுக்கு இன்னா வியாதி?" என்று கேட்டிருக்கிறார்.

"மூணாவது மாடி," என்றாராம் நைனா.

மாத்திரையைக் கொடுத்துவிட்டும் வரமாட்டார். தண்ணீர் டம்ளரோடு எதிரே உட்கார்ந்து, முழு மாத்திரையும் தொண்டைக்குள் இறங்குகிற வரை பார்த்து, "ஆரியா" என்று சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். துபாய்ப் பையனுக்கு மறுபடி வேலை கிடைத்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. ஒருநாள் பிலோமினாக்கா, "இனிமே கடையிலயே வாங்கிக்கறோம்ணே, உனக்கு இன்னாத்துக்கு பேஜாரு" என்று சொல்லிப் பார்த்தார். "கடையில வாங்கினா அவன் முழுங்கனானா இல்லியான்னு கடக்காரன் வந்து பாப்பானா?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது டாக்டரம்மா கிளினிக்கைத் திறந்து நாளாகிறது. நானும் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். நைனாவும் மிக்கேல் அண்ணனும் காலையில் மொட்டை மாடியில் ஒன்றாக நடக்கிறார்கள். டாக்டர் சொன்ன நடை. நடக்கிற நேரத்தைவிட நின்று சண்டை போடுகிற நேரம்தான் அதிகம். உப்பு ஏன் சாப்பிட்டாய் என்று ஒருவர், உனக்கு இன்னா தெரியும் என்று இன்னொருவர். பேப்பர் செய்தியிலிருந்து நெத்திலியின் விலை வரைக்கும் எதிலும் ஒத்துப்போவதில்லை. விடிந்தும் விடியாததுமாக அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும்.

போன வாரம் தலைவலியோடு எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். அம்மா படுக்கையிலிருந்தே தடுத்தாள்.

"உடுடி, கத்தட்டும். ரெண்டு பேருக்கும் மூச்சு நல்லா கீது."

நான் ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்தேன்.